இரண்டாம் முறை குத்திய விரல்

அத்தியாயம் ஆறு

மூன்று பேர் ஒரு விஷயத்தில் ஒரே வாயாகப் பேசினால் அதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்பது ஸாலிஹாவின் கட்சி. இந்த வழக்கில் மூன்று பேர் அல்ல, மண்டூர் முழுவதுமே ஒரே வாயாகப் பேசியது. தவநேசன்தான் மச்சானுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றான் என்று.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தாறு வயது நிதுர்ஷன், கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது மஞ்சளாகி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே செத்துப்போனான். அதற்கு முந்திய நாட்களில் அக்கா புருஷன் தவநேசன் அவன் கையில் மருந்துக் குளிசைகளை வைத்ததைப் பக்கத்து வளவு ஆட்கள் வேலிக்கு மேலால் கண்டிருந்தார்கள். தாய் இலட்சுமிப்பிள்ளையே பொலிசுக்குப் போய் மருமகனின் பெயரை எழுதிக் கொடுத்தாள். பொலிஸ் கேட்டதும் அந்த மனிதன், "ஓம், நான்தான் குடுத்தன்" என்றான். பிறகென்ன? பிடிபட்ட குளிசை அட்டை கொழும்புக்குப் போனது, தவநேசன் மறியல் சிறைக்குப் போனான். அட்டையின் அறிக்கை வர எத்தனை மாதமாகுமோ, யாருக்கும் தெரியாது.

ஸாலிஹா ஏறாவூர்க்காரி. முப்பது வருஷம் மலேரியா ஆய்வுகூடத்தில் உருப்பெருக்கிக்கு மேல் குனிந்து ஊராரின் இரத்தத்தைப் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கல்யாணம் பேசுகிறவர்களுக்காக மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வதில் தொடங்கி, இப்போது சட்டத்தரணிகளே கூப்பிட்டு வழக்குக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். தவநேசனுக்காக வாதாடும் சட்டத்தரணி இஷாம்தான் இவளை இதில் இறக்கிவிட்டார்.

அன்று காலை பத்து மணிக்குத் தவநேசனைப் பார்த்துவிட்டு மறியல் வாசலுக்கு வெளியே வந்தபோது, ரதீஸ் தன் ஆட்டோவில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். சாரதி, எடுபிடி, வாயாடி ஆகிய மூன்று உத்தியோகமும் அவனுக்கு.

"என்ன ராத்தா, ஆள் ஒத்துக்கிட்டானா?"

"அவன் எப்பயோ ஒத்துக்கிட்டான். அதுதான் பிரச்சின."

"குளிசை குடுத்த குத்தத்துக்கு உள்ள போடுறதெண்டா என்ட மனுசியும் இப்ப உள்ளதான் இருக்கணும். கிழமைக்கு நாலு பனடோல் தாறாள். நல்லகாலம், எங்கட வேலி உயரம்."

"வாய மூடிட்டு வண்டிய எடு. மண்டூருக்குப் போகணும். குளிசை அட்ட ஒண்டில்ல, ரெண்டாம். பொலிஸ் எடுத்தது ஒண்டு. மத்தது அவன்ட பொஞ்சாதி தனுஷியாட அலுமாரிக்குள்ள இரிக்காம். அது கைக்கு வந்தா கொழும்பப் பார்த்துட்டு இரிக்கத் தேவல்ல."

ஆட்டோ கல்முனை வீதியில் ஏறியது. ஸாலிஹா தவநேசன் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவனும் நிதுர்ஷனும் ஆபிரிக்காவில் வீதி போடும் வேலைக்குப் போனவர்கள். ஒரே கூடாரம், ஒரே நுளம்புக் கடி. அங்கே தவநேசனுக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். காய்ச்சலை இறக்கிவிட்டு, ஈரலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் கொல்ல வேண்டும் என்று செங்கல் நிறத்தில் சின்னக் குளிசையை இரண்டு கிழமைக்குக் கொடுத்தார்கள். அவன் போட்டான், சுகமானான். கூட வேலை செய்த ஒருவன் பாதியில் நாட்டுக்குப் போக, அவனுடைய அட்டைகளையும் பத்திரமாக எடுத்து வந்தான். நம் ஆட்கள் மருந்தை எறிய மாட்டார்களே. ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் நிதுர்ஷனுக்கும் அதே காய்ச்சல், அதே நடுக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், திருவிழாவில் தங்கள் குடி நடத்தும் பூசை நாள் தப்பிப்போகும் என்று அவன் மறுத்தான். கெதியாக எழும்பட்டும் என்று மச்சான் இரண்டிரண்டாகக் கொடுத்தான்.

"ஒரே குளிசை. ஒருத்தன் சுகமாகினான், மத்தவன் மௌத்தாகினான்" என்றாள் ஸாலிஹா. "ரெண்டிரண்டாப் போட்டாலும் இப்பிடிச் சாகிற மருந்தில்ல அது. பிரைமாகுயின். என்ட கையால எத்தின பேருக்கு எடுத்துக் குடுத்திரிப்பன்."

"அப்ப பொலிஸ் சொல்றது சரிதான். அதுக்குள்ள வேற என்னத்தையோ கலந்திருக்கான்."

"அட்டைக்குள்ள மூடிக் கிடக்கிற குளிசைக்குள்ள என்னத்தக் கலக்கிற? இன்னொரு விஷயம். அங்க தவநேசனுக்குக் குளிசை குடுக்க முதல் இன்னொருக்கா விரல்ல குத்தினவங்களாம். மலேரியா எண்டு தெரிஞ்சிட்டே. மறுகா ஏன் குத்தின?"

"முதல் குத்தில ரத்தம் வந்திருக்காது ராத்தா. வீதி வேலை செய்றவன்ட தோல். ஊசிதான் வளைஞ்சிருக்கும்."

ஸாலிஹா சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது குத்து அவளுக்கு எங்கேயோ உறுத்தியது. தெரிந்த ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுப்பதுபோல இருந்தது. வேலையை விட்டு ஆறு வருஷம். நாட்டில் மலேரியா இல்லை என்றான பிறகு, படித்ததெல்லாம் பரணில் ஏறிவிட்டது.

குருமண்வெளித் துறைக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் ஊரார் பாதை என்கிறார்கள். அது வரும்போதுதான் வரும். கூப்பிட்டாலும் கையைக் காட்டினாலும் ஒன்றுதான். ஸாலிஹா தனுஷியாவுக்குப் போன் அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

"ராத்தா, எனக்கொரு சந்தேகம். கிருமி ஈரலுக்குள்ள ஒளிச்சிக் கிடக்கெண்டு சொல்றீங்க. குளிசை அத எப்பிடிக் கொல்லும்? தேடிப் போய்க் கழுத்த நெரிக்குமா?"

"நெரிக்காது. எரிக்கும். உடம்புக்குள்ள போய் ஒட்சிசன உசுப்பிவிடும். உசுப்பின ஒட்சிசன் சும்மா இரிக்காது, கண்டதையும் கடிக்கும். கிருமி உள்ளால கருகிச் சாகும். படிச்சவங்க ஒட்சியேற்ற அழுத்தம் எண்டு செல்லுவாங்க. இரும்பு துருப்பிடிக்கிறதும் அந்தக் குடும்பந்தான்."

"அப்ப என்ட ஆட்டோட அடித்தகட்டில நடக்கிறது."

"அதேதான். உன்ட ஆட்டோவுக்குப் பத்து வருசம், கிருமிக்குக் கொஞ்ச நேரம்."

"அது சரி, கிருமி எரிஞ்சா நாம எரிய மாட்டமா? நெருப்புக்கு ஆள் தெரியுமா?"

"தெரியாது. நம்மளையும் எரிக்கத்தான் பாக்கும். ஆனா நம்மட ரத்தத்தில ஒவ்வொரு செங்குழியத்துக்குள்ளயும் அல்லாஹ் ஒரு காவல் வச்சிரிக்கான். ஒரு நொதியம். நெருப்புப் பிடிக்கப் பிடிக்க அது அணைச்சிட்டே இரிக்கும். கிருமிக்கு அந்தளவு காவல் இல்ல. அது சாகுது, நாம தப்புறம்."

"பிறக்கக்குள்ளயே காவல்காரன் லீவு போட்டிருந்தா?"

பகிடிக்குத்தான் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஸாலிஹா தன் சுட்டுவிரல் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரதீஸ்… அந்த ரெண்டாவது குத்து கிருமியத் தேடியில்ல. காவல்காரனத் தேடி."

"விளங்கல்ல ராத்தா."

"சில பேருக்கு அந்த நொதியம் பிறவியிலயே குறைவு. மத்தப்படி நல்ல சுகமா இரிப்பாங்க, ஒண்டும் தெரியாது. இந்தக் குளிசை உள்ள போனா மட்டும் கிருமிக்கு வச்ச நெருப்பு அவங்கட ரத்தத்தையே எரிச்சிடும். அதாலதான் குளிசைக்கு முதல் ஒருக்கா குத்திப் பாக்கிற. தவநேசனக் குத்தினாங்க, காவல் இரிந்தது, குடுத்தாங்க. நிதுர்ஷன ஒருத்தரும் குத்தல்ல. தனக்குச் சரிவந்தது மச்சானுக்கும் சரிவரும் எண்டு இவன் நினைச்சிட்டான். அதோட ரெண்டிரண்டா வேற."

"அப்ப கொலை இல்ல!" ரதீஸ் துள்ளிவிட்டான். "கேஸ் முடிஞ்சுது!"

ஸாலிஹா பையில் இருந்து கொப்பியை எடுத்தாள். கல்யாண விசாரணை செய்து செய்து ஊறிப்போன பழக்கம், எந்த வழக்கானாலும் முதல் பக்கத்தில் குடி எழுதுவாள். மட்டக்களப்பில் குடி தாய் வழியாக வருவது. பிள்ளைகள் எல்லாம் தாயின் குடி. மருமகன் வேறு குடியைச் சேர்ந்தவன், ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. (இலட்சுமிப்பிள்ளையின் குடி எது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் குடியில் பிறந்த குற்றத்துக்கு நாலு பெண் பிள்ளைகள் மாப்பிள்ளை இல்லாமல் நிற்பார்கள். இந்தக் குறை எந்தக் குடியிலும் வரும்.) இலட்சுமிப்பிள்ளையின் பெயருக்குக் கீழே மூன்று கோடு இருந்தது. தனுஷியா, நிதுர்ஷன், கடைசியாக டிலக்ஷன்.

"இந்தக் குறையும் தாய் வழியாலதான் ஆம்பிளப் புள்ளைக்கு வாற" என்றாள் மெல்ல. "எல்லாருக்கும் வராது, பாதிக்குப் பாதி. தவநேசன் வேற தாய்ட புள்ள, அவனக் குத்திப் பாத்தது நிதுர்ஷனுக்கு உதவாது. ஆனா டிலக்ஷன் அதே வயித்துப் புள்ள."

"அவன் ஏன் ராத்தா மலேரியாக் குளிசை போடப் போறான்? அவன் வாவியத் தாண்டினதே ரியூசனுக்குத்தான்."

சரிதான். ஆனாலும் அவள் மறுபடி போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கரையில் பாதைக்காரன் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றான்.

மண்டூரில் அந்த வளவுக்குள் நுழைந்ததும் வீட்டு நிலைமை விளங்கிவிட்டது. வளவு ஒன்று, அடுப்பு இரண்டு. சீதனமாகக் கொடுத்த கல்வீட்டில் மகள் தனுஷியா. பின்பக்கத்துச் சின்ன வீட்டில் தாயும் கடைசி மகனும். பொலிசுக்குப் போன நாளில் இருந்து தாயும் மகளும் முகம் பார்ப்பதில்லை.

தனுஷியா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். போன் சார்ஜில் கிடந்ததாம். "அட்டையா? அலுமாரிக்குள்ளதான் இருக்கு, இருங்க ராத்தா" என்று உள்ளே போனவள், வெறுங்கையோடு வந்தாள். சேலை மடிப்புக்கு இடையில் வைத்தது காணவில்லையாம்.

அதற்குள் இலட்சுமிப்பிள்ளை பின்பக்கத்தில் இருந்து வந்துவிட்டாள். "அவனக் காப்பாத்தவா வந்திருக்கிறீங்க? என்ட புள்ள மண்ணுக்குள்ள கிடக்கான். குடுத்தவன் தானே ஒத்துக்கிட்டான். நான் குடுத்த பேர் குடுத்ததுதான்."

ஸாலிஹா தர்க்கம் பண்ணவில்லை. "ஒண்டே ஒண்டு மட்டும் செல்லுங்க அக்கா. உங்கட கூடப்பிறந்த ஆம்பிளைகள் ஆராவது இப்பிடி மஞ்சளாகி மௌத்தாகியிரிக்காங்களா?"

இலட்சுமிப்பிள்ளையின் கோபம் அப்படியே நின்றது. "எங்கட மூத்தண்ணன். அப்ப ஊரெல்லாம் மலேரியா. காய்ச்சல் விட்டு, மறுகா மஞ்சளாகி… சலம் பெய்தாக் கறுப்பாப் போனது. ஆரோ செய்வினை செய்தது எண்டு சொன்னாங்க." சொல்லிவிட்டு, "அத ஏன் கேக்கிறீங்க?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"டிலக்ஷன் எங்க?"

"படுத்திருக்கான். இடுப்பு நோவாம். வெயிலுக்க திரிஞ்சது."

இரத்தம் எரியும்போது இடுப்பும் நோகும். ஸாலிஹா சொல்லாமல் கொள்ளாமல் பின் வீட்டுக்கு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வயதுப் பொடியன் பாயில் இருந்து எழும்ப முயன்றான். இஷாம் ஐயா அனுப்பிய ஆள் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. தலையணைக்கு அடியில் இருந்து போனை எடுத்து நீட்டினான். "நானே வரணும் எண்டு இருந்தனான் ராத்தா. சாட்சி இதுக்குள்ள இருக்கு."

திரையில் அவனே நின்றான். திகதியைச் சொல்லி, குளிசை அட்டையைக் காட்டி, இரண்டைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினான். "மச்சான் குடுத்த அதே குளிசைதான் இது. இதில நஞ்சு இல்ல. நான் போட்டுக் காட்டுறன்." இப்படி நாலு நாளைக்கு நாலு வீடியோ.

"நீதவானிட்டக் காட்டுங்க" என்றான் டிலக்ஷன். "மச்சான் அப்பிடிப்பட்ட ஆளில்ல. அண்ணனுக்குக் காய்ச்சல் எண்டு மூண்டு ராவு நித்திரை கொள்ளாம இருந்தவர். ஊர் நம்பல்ல, அம்மாவும் நம்பல்ல. நாலு நாள் போட்டுட்டன், எனக்கு ஒண்டும் செய்யல்லதானே."

வாசலில் நின்ற தாய்க்கு இதெல்லாம் காதில் விழுந்தது. ரதீஸுக்கும் விழுந்தது. அவன் ஆட்டோச் சாவியைக் கையில் எடுத்தான்.

ஸாலிஹா அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழ மஞ்சள். "சலம் என்ன நிறத்தில போகுது மகன்?"

பொடியன் குனிந்துகொண்டான்.

"செல்லு."

"நேத்துப் பின்னேரத்தில இருந்து… பால் விடாத பிளேன்டி மாதிரி."

"தெரிஞ்சுமா இண்டைக்கும் போட்ட?"

"வருத்தம் எண்டு சொன்னா மச்சான்ட தலையிலதானே விடியும்" என்றான். "அஞ்சு நாள் முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு நினைச்சன்."

ஸாலிஹாவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. 1990 இலக்கத்துக்குப் போன் அடித்தாள். அம்புலன்ஸ் குருமண்வெளிக் கரையில் வந்து நிற்கும், ஆளைக் கடத்திக் கொண்டுவாருங்கள் என்றார்கள். என்ன குளிசை, எத்தனை, எத்தனை நாள், இரத்தத்தில் என்ன குறை என்று சந்தேகம், எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னாள். முறிப்பு மருந்து ஏதாவது உண்டா என்று ரதீஸ் கேட்டபோது தலையை ஆட்டினாள். எரிந்தது எரிந்ததுதான். குளிசையை நிறுத்தலாம், இரத்தம் ஏற்றலாம், சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கலாம். அதற்கு மேல் ஒருவராலும் ஏலாது.

பாதை அவர்களை ஏற்றிக்கொண்டு வாவியில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆட்டோவின் பின் சீட்டில் டிலக்ஷன் தாயின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். மூச்சு வாங்கியது. இயந்திரம் தன் பாட்டுக்கு முக்கியது. "கொஞ்சம் கெதியா ஓட்டேலாதா அண்ணன்?" என்று ரதீஸ் மூன்று தரம் கேட்டான். "ஓடுறது இவ்வளவுதான் தம்பி" என்று பாதைக்காரன் மூன்று தரமும் சொன்னான்.

இஷாமின் அழைப்பு வந்தது. ஸாலிஹா நடந்ததைச் சொன்னாள். மறுபக்கத்தில் அவர் குரல் உயர்ந்தது. "ராத்தா, இது பெரிய சாட்சி! வீடியோ இரிக்கி, மாமன் செத்த கத இரிக்கி, இந்தப் பொடியன்ட ரத்த ரிப்போட் வந்தாப் போதும், நாளைக்கே மனுப் போடுவன். தவநேசன் வெளிய வந்த மாதிரித்தான். கேஸ் வெண்டாச்சு!"

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஒருவனை வெளியே கொண்டுவர மற்றவன் தன் உடம்பைச் சாட்சியாகப் போட்டிருக்கிறான். இன்று காலையே போன் எடுபட்டிருந்தாலும், நேற்றே அவள் மறியலுக்குப் போயிருந்தாலும், பின் சீட்டில் கிடக்கும் மடையன் நேற்றே ஒரு வார்த்தை வாய் திறந்திருந்தாலும் என்று மனம் கணக்குப் போட்டது. வென்ற வழக்கு இத்தனை கசப்பாக அவளுக்கு இருந்ததே இல்லை.

"தங்கச்சி."

இலட்சுமிப்பிள்ளை கூப்பிட்டாள். அவளுடைய கை மகனின் நெற்றியில் இருந்தது.

"எங்கட அண்ணனுக்கும் இப்பிடித்தான். பெரியவனுக்கும் இப்பிடித்தான். இப்ப இவனுக்கும். நீங்க வந்ததும் என்ட கூடப்பிறந்தவங்களத்தான் கேட்டீங்க, மருமகன்ட ஆக்களக் கேக்கல்ல. இது என்னால வாறதா?"

முப்பது வருஷம் எத்தனையோ பேருக்கு அவர்களுடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னவள் ஸாலிஹா. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தத் தாய் கொஞ்ச நாளைக்காவது தப்புவாள். ஆனால் தவநேசன் உள்ளேதான் இருப்பான்.

"உங்கட வழியால வாறதுதான் அக்கா. ஆனா உங்கட பிழ இல்ல. ஆருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

இலட்சுமிப்பிள்ளை அழவில்லை. சேலைத் தலைப்பால் மகனின் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். மற்றப் பக்கமும் துடைத்தாள்.

"அப்ப ஒரு உதவி செய்யுங்க" என்றாள். "பொலிசுக்குப் போய், நான் குடுத்த மருமகன்ட பேர வெட்டிட்டு, அதில என்ட பேர எழுதச் சொல்லுங்க."

ரதீஸ் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டான். கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.